வடாலாவில் பிரியும் கோடு

ஜூலை 15, செவ்வாய்

விடாத மழை. ஷூ காயவில்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், அந்தச் சூட்டில் காயட்டும் என்று. வாடை அடிக்கிறது. அம்மா இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

செய்ய வேண்டியவை: அறிவியல் ஜர்னலில் இரண்டு படம். மராத்திக் கட்டுரை. குடைக்கம்பி சரிசெய்ய. காயத்ரிக்கு மெசேஜ். (வேண்டாம். அனுப்பியதற்கே பதில் இல்லை.)

இதைத் தமிழில் எழுதுவது வசதி. பத்தாவதில் என் பெஞ்சைச் சுற்றி யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. காயத்ரிக்கே கடைப் பலகை வரைக்கும்தான். "உன் எழுத்து ஜாங்கிரி பிழிஞ்ச மாதிரி இருக்குடி" என்பாள். அதனால் அவளைப் பற்றித் தாராளமாக எழுதலாம்.

மாட்டுங்காவில் காயத்ரி வீட்டுக் கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். அதுவரை வாஷியில் வாடகை வீடு. கோடை விடுமுறையில் போனாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், இப்போது வேறு பள்ளி. மிச்சம் இருந்தது சனிக்கிழமை கணக்கு வகுப்பு ஒன்றுதான். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில், பள்ளிப் பிள்ளைகளுக்கு, பரீட்சைக்கு வராத கணக்கு. அதற்கு மட்டும் வாஷியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இப்போது அதற்கும் வருவதில்லை.

ஆகஸ்டில் ஜோடி ஜோடியாக மேடையேறிப் பேச வேண்டும். எங்கள் தலைப்பு: எந்த வடிவம் குரூப் ஆகும், எது ஆகாது?

கணக்கு வகுப்பு மேடம் சொன்னதை என் வார்த்தையில் எழுதிப் பார்க்கிறேன். ஒரு வடிவத்தின் புள்ளிகளுக்குள் ஒரு கூட்டல் வேண்டும். எந்த இரண்டைக் கூட்டினாலும் அதே வடிவத்துக்குள் ஒரு புள்ளி கிடைக்க வேண்டும். பூஜ்யம் மாதிரி, கூட்டினால் எதையும் மாற்றாத புள்ளி ஒன்று. எங்கே போனாலும் கழித்துத் திரும்பி வர வழி. இன்னொன்று: கொஞ்சம் நகர்ந்தால் விடையும் கொஞ்சமே நகர வேண்டும், எகிறிக் குதிக்கக் கூடாது. இவ்வளவும் இருந்தால் அது டோபாலஜிக்கல் குரூப். வட்டம் ஆகும். கடிகாரத்தில் பத்தோடு நான்கைக் கூட்டினால் இரண்டு.

கேட்கச் சாதுவாக இருக்கிறது. ஆனால் பிடி பலமான பிடி. எல்லாப் புள்ளியோடும் ஒரே புள்ளியைக் கூட்டினால் வடிவம் முழுவதும் நகர்ந்து தன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். எந்தப் புள்ளியையும் எந்தப் புள்ளியின் இடத்துக்கும் இப்படிக் கொண்டுபோகலாம். ஆகவே இங்கே சுற்றுப்புறம் எப்படியோ அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். தனிச்சலுகைப் புள்ளி கிடையாது. 8 ஆகாது. நடுவில் நான்கு வழி, மற்ற இடத்தில் இரண்டே வழி. முனை உள்ள கோடும் ஆகாது. முனையில் ஒரே வழி.

மே மாதம், மாட்டுங்கா ஹோட்டலில், காயத்ரி தட்டைக் காட்டி: "மெதுவடை ஆகும். போண்டா ஆகாது. பாவம் போண்டா."

பரிமாறுகிறவர் நின்றுவிட்டார். "போண்டா ஏன் ஆகாது? இப்பத்தானே சூடா எடுத்தது!"

நான் சிரித்ததில் காபி மூக்கில் ஏறிவிட்டது.

ஷூவை அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.


ஜூலை 16, புதன்

மழை குறைவு. தாராவியில் எங்கள் கடைக்கு முன்னால் தண்ணீர் வடிந்துவிட்டது. அப்பா அடித்தட்டு அரிசி மூட்டைகளை மேலே ஏற்றி, திரும்ப இறக்கி, இப்போது மறுபடி ஏற்றலாமா என்று வானத்தைப் பார்க்கிறார்.

ஜூனில் காயத்ரி வரைந்த படம் இன்று ஜியாமெட்ரி பாக்ஸ் அடியில் கிடைத்தது. ஹார்பர் லைன் ரயில் பாதை. வகுப்புக்கு வரும் வழியில் ரயிலிலேயே வரைந்தாள், கோடெல்லாம் நடுங்கியிருக்கிறது. ஒரு முனை சிஎஸ்டி. மேலே வந்தால் வடாலா. அங்கே இரண்டாகப் பிரியும். ஒரு கிளை கிங்ஸ் சர்க்கிள் வழியாக கோரேகாவ். இன்னொரு கிளை சுனாபட்டி, குர்லா, செம்பூர், வாஷி என்று பன்வேல் வரைக்கும். ஆங்கில Y எழுத்து மாதிரி.

"இது குரூப் ஆகுமாடி?"

"ஆகாது. மூணு முனை இருக்கே."

"முனை எதுவும் இல்லாம, முடிவே இல்லாம ஓடறதுன்னு வெச்சுக்கோ."

அப்போதும் ஆகாது. சுனாபட்டியில் நின்றால் முன்னால் ஒரு வழி, பின்னால் ஒரு வழி. செம்பூரிலும் அப்படியே, குர்லாவிலும் அப்படியே. (குர்லாவில் மெயின் லைன் வரும், ஆனால் படத்தில் அது இல்லை.) வடாலாவில் மட்டும் மூன்று வழி. படத்தை எப்படி வளைத்தாலும், கிளைகளை இடம் மாற்றி வைத்தாலும், வடாலா வடாலாவின் மேலேயேதான் வந்து உட்காரும். அந்த ஒன்றால் எல்லாம் கெட்டது.

"வடாலாதான் வில்லன்" என்று அதற்கு இரண்டு கொம்பு வரைந்தாள். சிவப்பு மையில்.

எனக்கும் வடாலாவைப் பிடிக்காமல்போனது. அங்கேதான் வழி மாறுகிறது. நான் கிங்ஸ் சர்க்கிள் கிளையில், அவள் வாஷி கிளையில்.


ஜூலை 17, வியாழன்

மெசேஜுக்கு இன்னும் ஒரே டிக். போய்ச் சேரவே இல்லை. எங்கள் வீட்டில் ஒரே போன், அதுவும் கடையில். அப்பா சாப்பிட வரும் நேரத்தில்தான் பார்க்க முடியும்.

"ஏட்டி, அதையே எத்தன தடவ பாப்ப? தா இங்க, ஆர்டர் வரும்."

பள்ளியில் ரேஷ்மாவிடம் கேட்டேன். "ஏக் டிக்? பிளாக் கியா துஜ்கோ" என்றாள், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. என்னைத் தடுத்து வைத்திருக்கிறாளாம். அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டாள்.

இருக்காது. ஏன் இருக்காது? புதுப் பள்ளி, லிப்ட் வைத்த கட்டடம், கீழே பேட்மின்டன் கோர்ட் என்று அவளே சொன்னாள். புது ஜோடி கிடைத்திருக்கும். அவளிடம் போண்டாவைப் பற்றிச் சொல்லியிருப்பாளோ? அது எங்கள் போண்டா.

சாயங்காலம் அம்மா தலை வாரினாள்.

"தலைய ஆட்டாதட்டி."

"சுழி இல்லாம வார முடியுமாம்மா?"

"உனக்கு ரெட்டைச் சுழி. நான் எந்தப் பக்கம் இழுக்க?"

போண்டா ஆகாததற்கும் இதுதான் காரணம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். உருண்டையில் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல்தான் இருக்கிறது, இருந்தும் ஆகாது. உருண்டை முழுக்க முடி இருந்தால் எப்படி வாரினாலும் எங்காவது ஒரு சுழி விழும். குரூப் என்றால் நகரும்போது எல்லாரும் நகர வேண்டும். உருண்டையைக் கொஞ்சம் நகர்த்தினால் யாராவது ஒருவர் நின்ற இடத்திலேயே நிற்பார். ஒன்றுபோல் இருந்தால் மட்டும் போதாது.

எல்லாரும் நகர்ந்த பிறகு நின்ற இடத்திலேயே நிற்பது யார்? நான்தான்.

"அந்த மாட்டுங்காப் பிள்ள ஏன் இப்பல்லாம் வரக் காணும்?"

"வாஷி தூரம்மா."

"வாஷி என்ன, துபாயா? உங்கப்பா அங்க மார்க்கெட்டுக்குப் போயிட்டு மத்தியானச் சோத்துக்கு வந்துருதார்."

போனவள்தானே வர வேண்டும். நான் எங்கேயும் போகவில்லையே. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.


ஜூலை 19, சனி

வகுப்பு. பக்கத்து நாற்காலியில் பையை வைத்திருந்தேன். ஒரு பையன் கேட்டான், ஆள் வருகிறது என்றேன். வகுப்பு முடியும்வரை பைதான் உட்கார்ந்திருந்தது.

மேடம் பட்டியலோடு வந்தார். "செல்வி, பார்ட்னர் கிதர் ஹை? அகேலே கரோகி க்யா?" ஜோடி எங்கே, தனியாகச் செய்கிறாயா என்கிறார். கோபமாக இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அழுகை வந்திருக்காது. அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

இன்றைய பாடம் குறுகியது. தனித்த புள்ளி. சுற்றி ஒரு சின்ன இடைவெளி, அதற்குள் வேறு யாரும் இல்லை, அப்படி ஒரு புள்ளி. ஒரு குரூப்பில் அப்படி ஒரே ஒரு புள்ளி இருந்தால்கூட எல்லாப் புள்ளியும் தனித்தவை. நிரூபணம் இரண்டே வரி. அந்த ஒன்றை நகர்த்தி மற்றதன் இடத்துக்குக் கொண்டுபோ. இடைவெளியும் கூடவே போகும். முடிந்தது.

மேடம் பலகையை அழித்துவிட்டார். நான் எழுதாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒருத்தி மட்டும் தனியாக இருக்க முடியாது. நான் தனி என்றால் அவளும் தனி. நாங்கள் ஒன்றுபோல் இருந்தால்.

மனிதர்கள் புள்ளிகள் இல்லை, தெரியும். ரேஷ்மா சொன்னதும் சரியாக இருக்கலாம். ஆனால் நிரூபணத்தில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. அதில் புள்ளி காத்துக்கொண்டிருக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சாப்பிடும்போது: "அம்மா, நாளைக்கு வாஷி போயிட்டு வாரேன்."

"அங்க போன் பண்ணிச் சொன்னியா?"

"இல்ல. அவ எடுக்கல."

"எடுக்கலன்னா போய்ப் பாத்துட்டுத்தான் வரணும்." சோற்றைப் பிசைந்துகொண்டே. "இருட்டுமுன்ன வந்துரணும், ஆமா."


ஜூலை 20, ஞாயிறு

போய் வந்தாயிற்று. தலை ஈரம். மறப்பதற்கு முன் வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் தூறல். அப்பா: "சயான் போவாத. மெயின் லைன்ல மெகா பிளாக்காம். கிங்ஸ் சர்க்கிள்ல ஏறி, வடாலாவுல மாறிப் போ." ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒரு லைனில் வண்டிகளைக் குறைத்துப் பராமரிப்பு. அப்படியே போனேன். வடாலாவில் இறங்கி மாறும்போது பலகையைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வில்லன்.

பெண்கள் பெட்டி. உள்ளே நுழைந்ததும் ஓர் அம்மா: "கிதர் உதர்னேகா?" எங்கே இறங்குவாய் என்கிறாள். வாஷி என்றேன். முகம் தொங்கிவிட்டது. சீக்கிரம் இறங்குகிறவள் என்றால் கொஞ்ச நேரம்தானே நெருக்கம் என்று கேட்டிருக்கிறாள். "மேரேகோ பீ வாஷி" (எனக்கும் வாஷிதான்) என்று கொஞ்சம் நகர்ந்து எனக்கு நாலாவது இடம் கொடுத்தாள், பாதி உட்கார்கிற இடம்.

கடற்கழிப் பாலத்தில் எதிர் வண்டி கடந்தது. ஜன்னல்கள், கம்பிகள், கைகள். ஒரு நிமிடம்கூட இல்லை.

காயத்ரி வீட்டு லிப்டில் கண்ணாடி. முடி குச்சி குச்சியாக நின்றது. கதவைத் திறந்தது அவள் அம்மா.

"ஐயோ, செல்வியா! அவ உன்னைப் பார்க்கன்னா கிளம்பிப் போயிருக்கா!"

எங்கே என்று கேட்டேன். முட்டாள் மாதிரி.

"உங்க ஆத்துக்குத்தான், தாராவிக்கு! குர்லாவில மாறி சயான்ல இறங்கிப் போறேன்னா. நீ எதிர்லே பார்க்கலையா?"

பாலத்தில் கடந்த வண்டி.

மாமி துண்டு கொண்டுவந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டேன், போன் ஏன் போகவில்லை என்று.

"நான்தான் ஆஃப் பண்ணி பீரோவில வெச்சுட்டேன். யூனிட் டெஸ்ட்ல மார்க் அப்படி. பத்தாம் கிளாஸாச்சே! சனிக்கிழமை கிளாஸும் வேண்டாம்னுட்டேன். கேட்டியா, ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறா. ஸ்கூல் விட்டு வந்தா அந்த ஜன்னல். கீழே அத்தனை பொண்கள் விளையாடறதுகள், ஒருத்தியோட சேரமாட்டா. இன்னிக்குக் காலைல அழுது தீர்த்துட்டா. சரி, போய்ட்டு வான்னு விட்டேன்."

அந்த ஜன்னலைப் பார்த்தேன். மூடியிருந்தது. கண்ணாடியில் நீராவி பிடித்த இடத்தில் விரலால் போட்ட 8.

நிரூபணம் சரி. சந்தோஷப்பட வேண்டிய விஷயமா என்று தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கு வெட்கமாகவும் இருந்தது.

மாமி அப்பாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது, அடித்தது. ஞாயிறு காலை அது கல்லாவுக்குள் சில்லறையோடு கிடக்கும், அப்பா காதில் விழாது.

"நீ இங்கேயே இரு. சாப்பிடு. அவ எப்படியும் வருவாள்."

சாப்பிட்டபடி யோசித்தேன். அவள் தாராவியில் நிற்பாள், அம்மா சொல்லியிருப்பாள், செல்வி உன்னைப் பார்க்கப் போயிருக்காள் என்று. இப்போது அவளுக்கும் இதே யோசனை. நான் இங்கே காத்திருந்தால் அவளும் அங்கே காத்திருப்பாள். நான் கிளம்பினால் அவளும் கிளம்புவாள், மறுபடி பாலத்தில் கடப்போம். நாங்கள் ஒன்றுபோல் யோசிக்கும்வரை, எதைச் செய்தாலும் சந்திக்க மாட்டோம். இருட்டுவதற்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். அவளுக்கும் அதே கட்டளை இருக்கும்.

எங்களை எங்களாலேயே பிரித்து வைக்கிற சமச்சீர். இருவருக்கும் பொதுவாக ஓர் இடம் வேண்டும். யாரும் சொல்லாமல், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே இடமாக இருக்கிற இடம். படத்தை எப்படித் திருப்பினாலும் நகராத இடம்.

கை நின்றுவிட்டது. மாமி, "என்னம்மா, உப்பு போறலையா?" என்றாள்.

"மாமி, நான் வடாலா போறேன்."

"வடாலாவில யார் இருக்கா?"

"காயத்ரி."

"அவதான் தாராவிக்குப் போயிருக்காளே!"

விளக்கினேன். மாமி முழுவதும் கேட்டாள், பிறகு: "உங்க ரெண்டு பேர் கணக்கும் எனக்கு வேண்டாம்மா. ஒருவேளை அவ இங்கே வந்துட்டா?"

"வந்தா இங்கேயே இருக்கச் சொல்லுங்க. அவ வடாலாவில இல்லைன்னா நான் வீட்டுக்குப் போயிருவேன்."

மாமி சமையலறைக்குள் போனாள். ஒரு டப்பாவில் எலுமிச்சம்பழ சேவை. இரண்டு ஸ்பூன் வைத்தாள். அந்த இரண்டாவது ஸ்பூனுக்காக மாமியை எல்லாவற்றுக்கும் மன்னித்தேன்.

திரும்பும் வண்டியில் பயம். குர்லாவாக இருந்தால்? எல்லாரும் மாறுகிற இடம் குர்லாதானே. அவள் காலையில் மாறியதும் அங்கேதான். வண்டி குர்லாவில் நின்றது. பிளாட்பாரம் முழுக்கத் தலைகள், குடைகள். இறங்கலாமா. கால் வாசல்வரை போய்விட்டது. பின்னால் யாரோ, "உதர்னா ஹை தோ உதர் நா!" இறங்குவதென்றால் இறங்கித் தொலை என்று. நம் படத்தில் குர்லாவுக்குக் கொம்பு கிடையாது. இறங்கவில்லை.

சுனாபட்டியில் டப்பாவை இன்னொரு கைக்கு மாற்றினேன்.

வடாலா. பிளாட்பாரங்கள் வேறு வேறு. எதில் நிற்பது? எல்லாவற்றையும் சேர்ப்பது மேலே உள்ள நடைபாலம். படியேறிப் பாலத்தின் நடுவில் நின்றேன். இல்லை. கறிவேப்பிலைக் கட்டோடு ஒரு பெண், தூங்கும் நாய், செல்ஃபி எடுக்கும் கல்லூரிப் பையன்கள். தகரக் கூரையில் மழை. ஒரு வண்டி வந்து போனது. ஆட்கள் படியேறி வந்தார்கள், எல்லாரும் யாரோ. இன்னொரு வண்டி. டப்பாவின் சூடு ஆறிவிட்டது.

ஒன்றுபோல் யோசிப்போம் என்று எனக்கு யார் சொன்னது? கோடையிலிருந்து அவள் வேறு ஆளாகியிருக்கலாம். அவள் தாராவியில் அம்மாவோடு உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கலாம். நான் ஒரு கிறுக்கி, கணக்கை நம்பிப் பாலத்தில் நிற்கிறேன்.

"ஏட்டி!"

எங்கள் வீட்டுச் சொல், அவள் வாயில் எப்போதும் கொஞ்சம் பிசகித்தான் வரும். கிங்ஸ் சர்க்கிள் வண்டி வந்த பக்கத்துப் படியில், மூச்சு வாங்க, என் அம்மாவின் பூப்போட்ட குடையோடு. அவள் குடை எங்கேயோ தொலைந்துவிட்டதாம்.

"எத்தனை நேரமா நிக்கறே?"

"தெரியல."

"நான் பாதி வழி அழுதுண்டே வந்தேன். நீ வாஷியிலேயே உட்கார்ந்து எங்க அம்மாவோட சேவை சாப்பிட்டிண்டிருப்பியோன்னு."

"சாப்பிட்டேன். உனக்கும் இருக்கு."

அடித்தாள். நானும் அடித்தேன். கறிவேப்பிலைப் பெண் சிரித்தாள்.

"குர்லான்னு தோணலையா உனக்கு?" என்று கேட்டேன்.

"தோணித்து. கொம்பு இல்லையேடி."

பாலத்திலேயே ஓரமாக உட்கார்ந்து சேவை. அவள் இளைத்திருக்கிறாள். முன்னைவிட வேகமாகப் பேசுகிறாள், யாரோடும் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் வருகிற மாதிரி. ரேஷ்மா சொன்னதைச் சொன்னேன். "அவ பேச்சை நம்பினியா?" டப்பாவைப் பார்த்தேன். அவள் சேவையை ஸ்பூனால் கிண்டினாள். பிறகு, "நான் மட்டும் என்ன. நீ வேற பார்ட்னர் பார்த்துண்டிருப்பேன்னு நெனச்சேன்" என்றாள்.

ஆகஸ்ட் பேச்சில் சேர்க்க வேண்டியது ஒன்று கிடைத்தது. நாங்கள் இருப்பது வட்டமாக இருந்திருந்தால்? எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல். எங்கே வருவது என்று வட்டம் சொல்லவே சொல்லாது. குரூப்பில் பூஜ்யத்தைக்கூட வடிவம் காட்டித் தராது, நாமாக ஒரு புள்ளியைத் தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நிறைவான வடிவத்தில் நாங்கள் இன்று சந்தித்திருக்கவே மாட்டோம்.

"அப்போ வில்லனுக்குக் கொம்பை அழிச்சுடலாமா?"

"வேண்டாம். அதை வெச்சுத்தானே கண்டுபிடிச்சோம்."

மேடத்திடம் என்ன சொல்ல என்று கேட்டேன். "ரெண்டு பேரையும் எழுது" என்றாள். அவள் அம்மா விடுவாளா? "தெரியலடி. விடமாட்டாள்னுதான் தோணறது." ஸ்பூனை நக்கிக்கொண்டே: "நீ எழுது."

பாலத்தின் மேலிருந்து எல்லாப் பிளாட்பாரமும் தெரியும். வெளிச்சம் குறைய ஆரம்பித்துவிட்டது. என் வண்டி முதலில் வந்தது. நான் படியிறங்கவில்லை. பிறகு அவள் வண்டி. அவளும் இறங்கவில்லை. மறுபடி என் வண்டி.